அரை ஆளாக எண்ணப்பட்டவள்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃப்யூஸ் கட்டை அழுத்தும் பிரஸ் மெஷினில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவை போயின. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அந்தப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை செய்திருந்தேன்.

மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கவேண்டும். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் காப்பது அதுதான். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று முதலாளி அதைக் கழற்றி மூலையில் போட்டுவைத்திருந்தார். எண்ணெய் பிசறிய பீங்கான் மாவை அச்சில் கொட்டி, அழுத்தி, எடுத்து, பிசிறு சீவி, பலகையில் அடுக்குவது எங்கள் வேலை. பட்டறையில் பன்னிரண்டு ஆண்கள் நிரந்தரம். நாங்கள் ஐம்பத்தாறு பெண்கள், பீஸ் ரேட்டு; உருப்படிக் கணக்கில்தான் கூலி.

பக்கத்து மெஷினில் இருந்தவள் கம்மாபுரத்துக்காரி. நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு கூலிக்கு வந்தவள். அவள்தான் தன் துண்டால் என் கையைச் சுற்றி, ஷேர் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பட்டறையிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கட்டு பிரித்த கையோடு முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் மேஜைக்குப் பின்னால் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“பீஸ் ரேட்டுக்கு வரவங்க எங்க ஆளு கெடையாதும்மா,” என்றார். “நீ சந்தைக்கு வரமாதிரி வருவ, போவ. அதுக்கு நான் எப்படி பொறுப்பாவ முடியும்?”

“எட்டு வருஷமா வந்தேங்க.”

“யாரு இல்லன்னா? வந்த. யாரு கூப்புட்டா?”

கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பினேன். பதில் ஒரே பக்கத்தில் வந்தது. ‘மேற்படி நபர் எங்கள் நிறுவனத்தில் எக்காலத்திலும் பணிபுரிந்தவர் அல்லர்.’ கீழே பச்சை மையில் அவருடைய கையெழுத்து. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “வுட்டுடு, அவன் பெரிய ஆளு,” என்றார். நான் அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன். விட்டுவிடும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. காலையில் சேலைக் கொசுவத்தை மடிப்பதற்கே திணறும்போது எப்படி வரும்?

வேலை தேடி கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மங்கலம்பேட்டைக்காரர். தம்பிகள் இரண்டு பேரும் துபாயில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவர் பாய். பட்டறையில் சேருவதற்கு முன்பே தமிழ் டைப்பிங் படித்திருந்தேன் என்று சொல்லிக் கையைக் காட்டினேன்.

“எட்டு வெரலு இருக்குதுல்ல?” என்றார். “நான் ரெண்டு வெரல்லதாம்மா அடிக்கிறேன். ஒக்காரு.”

அந்த வருஷமே அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். படித்துப் பெரிய ஆளாகவேண்டும் என்றெல்லாம் இல்லை. பாயின் கடைக்கு வரும் வக்கீல்கள் ‘நீ என்னா படிச்சிருக்க?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேள்வி நின்றால் போதும் என்றிருந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலையில் வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தால் படிப்பேன். அப்படித்தான் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு என்ற பாடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

1787-ஆம் வருஷக் கோடையில், ஃபிலடெல்ஃபியா நகரில், மாநிலங்களின் ஆட்கள் கூடி நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறார்கள். சபையில் மக்கள்தொகைப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் இடம் என்று பேச்சு வருகிறது. உடனே சண்டை மூள்கிறது. அடிமைகளையும் மக்கள்தொகையில் சேர்ப்பதா, வேண்டாமா? தெற்கே நெல், புகையிலைப் பண்ணை வைத்திருந்தவர்கள், ஒவ்வொரு அடிமையையும் முழு ஆளாக எண்ணவேண்டும் என்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள், எண்ணவே கூடாது என்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது எனக்கு எல்லாம் தலைகீழாகப் புரிந்தது. முழு ஆளாக எண்ணச் சொன்னவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போதுதான் பொறி தட்டியது. அடிமைக்கு ஓட்டே கிடையாது. எண்ணிக்கை கூடினால் இடம் கூடும். அந்த இடத்தில் போய் உட்காருகிறவன் அடிமையின் முதலாளி. வாங்கவும் விற்கவும் செய்கிறவனே, சபை என்று வந்ததும், இவர்களும் மனிதர்கள்தானே என்று வாதாடியிருக்கிறான். வடக்கத்தியர்கள் பதிலுக்கு, அது உங்கள் சொத்து என்றால் எங்கள் மாட்டையும் குதிரையையும் சேர்த்து எண்ணலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சில வருஷத்துக்கு முன்னால் தலைக்கு இவ்வளவு என்று மாநிலங்களுக்கு வரி போடப் பார்த்தபோது, இதே தெற்கத்தியர்கள், அடிமை வெறும் சொத்து, அவனை ஆளாக எண்ணாதே என்றவர்கள். கடைசியில், அந்த வரிச் சண்டையிலேயே பேசப்பட்ட ஒரு கணக்கை எடுத்து ஒட்டினார்கள். ஓர் அடிமை, ஒரு மனிதனில் ஐந்தில் மூன்று பங்கு. அடிமை என்ற சொல்லைக்கூட எழுதவில்லை. ‘மற்ற நபர்கள்’ என்று எழுதினார்கள்.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் அந்த இடங்களின் கணக்கில்தான் நடந்தது. முதல் ஐந்து ஜனாதிபதிகளில் நான்கு பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள், நால்வரும் ஒரே தென் மாநிலத்துக்காரர்கள். அடிமைகளின் தலையை எண்ணி வாங்கிய பலத்தை வைத்தே, அடிமைகளின் கழுத்தில் கயிற்றை இறுக்கும் சட்டங்களைப் போட்டிருக்கிறார்கள்.

பாடத்தில் அது ஒன்றரைப் பக்கம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வரும் என்று பென்சிலால் குறித்து வைத்தேன்.

விரல் போய் ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகியிருந்தபோது, பட்டறைக்காரர்கள் சங்கத்தின் குமாஸ்தா ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வந்தார். சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது, ஓட்டுப் பட்டியல் அடிக்கவேண்டும் என்றார். முப்பது பட்டறைக்கும் பொதுவாக ஒரு பெரிய சூளை உண்டு. யார் சரக்கு முதலில் வேகவேண்டும், யார் காத்திருக்கவேண்டும் என்று முடிவு செய்வது சங்கத் தலைவர். அதனால் அந்த நாற்காலிக்கு அடிதடி. மூன்று தடவையாக அதில் உட்கார்ந்திருந்தவர் என் முதலாளி.

பட்டியலை அடித்துக்கொண்டே வந்தேன். என் முதலாளியின் பட்டறை வந்தது. கீழே ஆட்களின் பெயர்கள். முதல் பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே ஒன்று, ஒன்று, ஒன்று. பதின்மூன்றிலிருந்து அரை, அரை, அரை. வரிசை எண் முப்பத்தொன்று. என் பெயர். என் அப்பா பெயர். அரை.

கை நின்றுவிட்டது.

“இது என்னாங்க, அரை?” என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

“அது பழைய பஞ்சாயத்தும்மா,” என்றார் அவர், ஃபேன் காற்றுக்கு நேரே தள்ளி உட்கார்ந்துகொண்டு. “சங்கம் ஆரம்பிச்சப்ப பெரிய பட்டறைக்காரங்க, ஆளு எண்ணிக்கைக்கு ஏத்தமாதிரி ஓட்டு வேணும்னாங்க. சின்னப் பட்டறைக்காரங்க, பட்டறைக்கு ஒரு ஓட்டுதான்னாங்க. கடைசில, பட்டறைக்கு ஒண்ணு, மேக்கொண்டு பத்து ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு முடிவாச்சு. பீஸ் ரேட்டு பொம்பளைங்கள சேக்கறதா வேணாமான்னு திரும்பவும் சண்ட. சரி, ரெண்டு பேர சேத்து ஒரு ஆளுன்னு வச்சாங்க.”

“அந்த ஓட்ட யாரு போடுவாங்க?”

“யாரு போடுவாங்க, மொதலாளிதான்.” அவர் சிரித்தார். “நீங்களா வந்து போடுவீங்க?”

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்கள் பன்னிரண்டு. வேலைக்கே போகாத என்னையும் சேர்த்து ஐம்பத்தாறு பெண்கள் இருபத்தெட்டு. ஆக நாற்பது ஆள், நான்கு ஓட்டு. பட்டறையின் ஓட்டோடு சேர்த்து அவருக்கு ஐந்து. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுதான். போன தடவை அவர் ஜெயித்தது மூன்று ஓட்டு வித்தியாசத்தில். பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தரச்சொல்லி நாங்கள் சங்கத்துக்கு மனு கொடுத்தபோது, ‘அவர்கள் எந்தப் பட்டறையின் ஆட்களும் அல்லர்’ என்று தள்ளிய தலைவரும் அவர்தான். பட்டியலின் அடியில் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. அமெரிக்காவில் ஐந்தில் மூன்று கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அதுகூட இல்லை.

குமாஸ்தா போனதும் பாயிடம் சொன்னேன். அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தை வாங்கிக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

“கஸ்டமர் பேப்பரு கடையிலேருந்து வெளில போவக்கூடாதும்மா. ஆனா இத ஏழு நாளு சங்க போர்டுல ஒட்டணும். ஒட்டிட்டா ஊருக்கே சொந்தம். அதுவரைக்கும் பொறுத்துக்க.”

பொறுத்தேன். நான்காம் நாள் ஒட்டினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், இடது கையால் செல்போனைப் பிடித்து, முப்பத்தொன்றாம் எண்ணும் அடியில் இருந்த பச்சைக் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி ஏழெட்டுப் படம் எடுத்தேன். அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்திருந்தது. கடையில் அதைப் பிரின்ட் எடுத்ததும், ஒரே ஆளின் கையெழுத்தோடு என்னிடம் இப்போது இரண்டு காகிதம். ஒன்றில் நான் இல்லை. இன்னொன்றில் பாதி இருந்தேன்.

தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் அகல் விளக்கு செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்காரர். அவரிடம் போனேன். காகிதங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இத பொதுக்குழுவுல படி. என் பட்டறை பிரதிநிதின்னு ஒன்ன உள்ள கூட்டிட்டுப் போறேன். அவன் கத அன்னையோட முடிஞ்சிது.”

“நீங்க தலைவரா வந்தா எங்களுக்கு என்னா செய்வீங்க?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. “நாங்க ஆரம்பத்துலேருந்தே சொல்றதுதாம்மா. ஒங்கள எண்ணவே கூடாது.”

என்னைப் பாதி என்றவன் ஒருவன், பூஜ்யம் என்கிறவன் இன்னொருவன். வடக்கத்தியர்களைப் பற்றிப் படித்தது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஆனாலும் சரி என்றேன். எனக்கு உள்ளே போக ஒரு வாசல் வேண்டியிருந்தது.

பொதுக்குழு சங்கத்துத் தகரக் கொட்டகையில் நடந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். என் முறை வந்ததும் எழுந்து இரண்டு காகிதத்தையும் படித்தேன். பிறகு கையைத் தூக்கிக் காட்டினேன்.

“வரிசை எண் முப்பத்தொண்ணு நான்தாங்க. நான் ஒங்க ஆளா, இல்லையா? தலைவரு சொல்லட்டும்.”

கொட்டகையில் சத்தம் எழுந்தது. எதிரணியினர், பட்டியல் பொய், பெண்களை நீக்கு என்று கத்தினார்கள். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது நாற்காலியை. என் பெயர் பொய் என்றால் மற்ற ஐம்பத்தைந்து பெயரும் சந்தேகத்துக்கு வரும், நான்கு ஓட்டில் மூன்று போய்விடும். அது அவர் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

எழுந்தார். “எங்க ஆளுதான். பட்டியல்ல இருக்கற எல்லாரும் எங்க ஆளுங்கதான். யாருக்கு என்னா சந்தேகம்?”

“மினிட்ஸ்ல எழுதுங்க,” என்றேன் குமாஸ்தாவிடம். அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

அன்றைக்கு அவர் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அகல் விளக்குக்காரர் வாசலில் என்னை மடக்கி, “ஒன்ன கூட்டிட்டு வந்ததுக்கு நல்லா பண்ணிட்ட,” என்று எரிந்து விழுந்தார். நாற்காலிக்காக அந்த மனிதர் சொன்ன ஒரு வரி எனக்குப் போதும்.

மினிட்ஸில் எழுதிய அந்த வரியின் நகலை வாங்கி, அதை வைத்துக் கடலூரில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டேன். மூன்று வாய்தாவில் அவருடைய வக்கீல் சமரசத்துக்கு வந்தார். எனக்குச் சேரவேண்டியது வந்தது. அதோடு நான் நிறுத்தவில்லை. நகலைக் கம்மாபுரத்துக்காரியிடம் கொடுத்தேன். அவள் ஐம்பத்தைந்து பெண்களிடமும் கையெழுத்து வாங்கித் தொழிலாளர் துறைக்கு மனு போட்டாள். ஆய்வுக்கு வந்தார்கள். மெஷின்களுக்குக் கம்பித் தடுப்பு திரும்ப வந்தது. பெண்கள் எல்லோரையும் நிரந்தர ஆட்களாகப் பதியவேண்டியதாயிற்று. ஈ.எஸ்.ஐ. அட்டை வந்த அன்று கம்மாபுரத்துக்காரி கடைக்கு ஓடிவந்து அதை லேமினேஷன் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷம் ஒரு மாதம்தான் நிலைத்தது. அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் அடிக்க வந்த குமாஸ்தா, “ஒங்க மொதலாளிக்கு யோகந்தாம்மா. பொம்பளைங்க எல்லாம் நிரந்தரம் ஆயிட்டாங்கல்ல? அரை எல்லாம் ஒண்ணாயிடுச்சு. இப்ப அவருக்கு ஏழு ஓட்டு,” என்றார்.

அமெரிக்கக் கதையின் மிச்சத்தையும் நான் படித்திருந்தேன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானதும் அவர்களை முழு ஆளாக எண்ணினார்கள். தோற்ற தெற்குக்குச் சபையில் இடம் கூடியது. பிறகு ஓட்டுக்கு வரி போட்டும், எழுத்துப் பரீட்சை வைத்தும், தூக்குக் கயிற்றைக் காட்டியும் அவர்களை ஓட்டுப் போடவிடாமல் செய்தார்கள். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. என் விரலைத் தின்றவனுக்கு நானே இரண்டு ஓட்டு கூட்டிக் கொடுத்திருந்தேன். அன்றைக்குப் பட்டியல் அடிக்க முடியவில்லை. பாய்தான் அடித்தார்.

ஆனால் ஒரு விதி மாறியிருந்தது. என் ரகளைக்குப் பிறகு, பட்டியலில் ஒவ்வொரு ஆளும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் எண்ணக்கூடாது என்று எதிரணி தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தது. எங்கள் நன்மைக்காகச் செய்ததல்ல. ஆனால் கத்தி கத்திதான், யார் தீட்டினால் என்ன?

கம்மாபுரத்துக்காரியிடம் சொன்னேன். “கையெழுத்துப் போடாதீங்க. ஒருத்தரும் போடாதீங்க.”

“போடலன்னா வேலய வுட்டுத் தூக்கிடமாட்டானா?”

“எப்படித் தூக்குவான்? இப்ப நீங்க நிரந்தரம். சங்கப் பட்டியல்ல கையெழுத்துப் போடறது வேலையில சேந்ததா?”

அவள் இன்னொன்று கேட்டாள். “கக்கூஸ் கேக்கலாமா? கட்டித் தா, போடறோம்னு?”

அந்தக் கேள்வியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். “அது எப்படியும் சட்டப்படி வரும்,” என்றேன். “இவன் எறங்கணும். கையெழுத்துக்குப் பதிலா எதையும் வாங்காதீங்க.”

பட்டியல் பட்டறைக்கு வந்த நாள் டீ வேளையில் நானும் திறந்திருந்த கேட்டுக்கு வெளியே, மெஷின்கள் தெரியும்படி போய் நின்றேன். அந்தக் காட்சியை நான் பார்க்கவேண்டும். மேஸ்திரி பேனாவோடு ஒவ்வொரு மெஷினாகப் போனார். முதல் பெண் தலையை ஆட்டினாள். இரண்டாமவளும். பத்தாவது பெண்ணுக்குப் பிறகு மேஸ்திரி உள்ளே ஓடினார். முதலாளியே வந்தார்.

“என்னாம்மா பிரச்சன? நான் ஒங்கள ஆளா ஏத்துக்கிட்டேன்ல?”

“ஏத்துக்கிட்டீங்க சார்,” என்றாள் கம்மாபுரத்துக்காரி. “நாங்க ஒங்க ஆளுதான். ஆனா எங்க தலைய எண்ணி நீங்க ஓட்டுப் போட வேணாம்.”

“கக்கூஸ் கேட்டீங்கல்ல? அடுத்த மாசம் ரெண்டு கட்டித் தரேன். போடுங்க.”

இரண்டு மூன்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்மாபுரத்துக்காரி கேட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் திரும்பி, “வேணாங்க,” என்றாள். மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் பேனாவை நீட்டியபடியே கொஞ்சநேரம் நின்றார். அந்தக் கொஞ்சநேரத்தை நான் இன்றுவரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆண்கள் பன்னிரண்டு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு ஓட்டு இரண்டாயிற்று. அவர் தோற்றார். அகல் விளக்குக்காரர் தலைவரானதும் முதல் வேலையாகப் பட்டறைக்கு ஒரே ஓட்டு என்று விதியை மாற்றினார். சொன்னபடியே எங்களைப் பூஜ்யமாக்கினார். பழைய முதலாளியின் சரக்கு சூளை வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அன்று மாலை பஸ்ஸில் எனக்குத் தெரியாமலே சிரித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள்.

கக்கூஸ் வந்தது. அடுத்த மாதம் அல்ல, எட்டு மாதம் கழித்து, ஆய்வாளர் இரண்டாவது தடவை வந்து உத்தரவு போட்டபிறகு. அந்த எட்டு மாதமும் பெண்கள் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதருக்குத்தான் போனார்கள். ஒருத்தி பாம்பு கடித்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். நான் பாயின் கடையில் இருந்தேன். கோர்ட்டு வளாகத்தில் பெண்களுக்குத் தனியாக இடம் உண்டு.

கம்மாபுரத்துக்காரி இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் கோபமில்லாமல். “அன்னைக்கு நீ தலைய ஆட்டாம இருந்திருந்தா ரெண்டு கட்டிக் குடுத்திருப்பான்க்கா.”

“ஆமா,” என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரைத் தோற்கடித்ததற்காக வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை, அது பொய்யாகிவிடும்.

போன மாதம் பழைய முதலாளி, கடன் பாக்கிக்கான வங்கிக் காகிதம் ஒன்றை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு நீட்டினார். இரண்டு பக்கமும் எடுத்து, பின் அடித்துக் கொடுத்தேன். அவர் போகாமல் நின்றார்.

“எல்லாம் போச்சு. இப்ப ஒனக்கு திருப்திதானம்மா?”

“இல்லீங்க,” என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினார். வரிசையில் அடுத்து நின்ற பெண் ரேஷன் கார்டை நீட்டினாள்.